மாதாமாதம் வரும் ஜீவனாம்சத்துக்கு வரி யார் கட்டுவது?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஆண்டுச் சம்பளம் ஒன்பதரை லட்சம். கணவர் பெங்களூருவில் மென்பொருள் துறையில் இருக்கிறார். பிரிந்து வாழ்கிறோம். ஏழு வயது மகள் என்னிடம் வளர்கிறாள். எனக்கு மாதம் 40,000 ரூபாயும் மகளுக்கு 15,000 ரூபாயும் இடைக்கால ஜீவனாம்சமாகத் தர குடும்ப நல நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் முதல் தவறாமல் வங்கிக் கணக்கில் வருகிறது. இப்போது பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து பெறலாம் என்று பேச்சு நடக்கிறது. மறுமணம் செய்யும்வரை மாதம் 45,000, அல்லது ஒரே தொகையாக 50 லட்சம், இரண்டில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்கலாம் என்கிறார்கள். எதுவானாலும் அவர் பெயரில் இருக்கும் சரவணம்பட்டி ஃபிளாட்டை விவாகரத்து கிடைத்தபின் எனக்கு எழுதித் தருவாராம். “நான் வரி கட்டின காசைத்தான் தருகிறேன், அதற்கு நீ எதற்கு வரி கட்டணும்?” என்கிறார் கணவர். எல்லாவற்றுக்கும் வரி உண்டு என்கிறார் தெரிந்த ஒருவர். என் அலுவலகத்தில் வரியே பிடிக்கவில்லை. 2025-26க்கு ரிட்டர்ன் போட வேண்டும். என் 32 பவுன் நகையையும் திருப்பித் தருகிறார்கள். அதற்கும் வரி வருமா? கூட்டு மனுவில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

பதில்:

வணக்கம் அம்மா. கடைசி வரியைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. இந்த மாதிரி விஷயத்தில் பெரும்பாலும் தீர்ப்பு நகலைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஆடிட்டரிடம் வருவார்கள். அப்போது வரியைக் கணக்குப் போட்டுத் தர முடியும், குறைக்க முடியாது. நீங்கள் கையெழுத்துக்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் மனுவில் எழுதும் நாலு வரிக்கு லட்சக்கணக்கில் மதிப்பு இருக்கிறது.

உங்கள் கணவர் சொல்வதிலிருந்து தொடங்குகிறேன். அவர் ஆதங்கம் நியாயம்தான், ஆனால் சட்டம் அவர் பக்கம் இல்லை. நம் வருமான வரிச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கென்று தனிப் பிரிவு எதுவும் கிடையாது. கொடுப்பவர் கழித்துக்கொள்ளலாம் என்றும் எழுதவில்லை, வாங்குபவருக்கு விலக்கு என்றும் எழுதவில்லை. அந்த வெற்றிடத்தை நீதிமன்றத் தீர்ப்புகள்தான் நிரப்பியிருக்கின்றன.

கொடுப்பவர் கேள்வியை உச்ச நீதிமன்றம் 1960-லேயே தீர்த்துவிட்டது. சீதல்தாஸ் தீரத்தாஸ் என்பவர் வழக்கு. மனைவியும் பிள்ளைகளும் பராமரிப்புக் கேட்டு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போக, சமரசத் தீர்ப்பின்படி அவர் அவர்களுக்குப் பணம் கொடுத்து வந்தார். ‘நீதிமன்றம் கட்டாயப்படுத்திக் கொடுக்கும் பணம், இது என் வருமானமே இல்லை’ என்று வரிக் கணக்கில் கழித்துக் காட்டினார். நீதிபதிகள் பார்த்தது ஒன்றைத்தான். பணம் அவர் கைக்கு வரும் முன்பே சட்டப்படி வேறொருவருக்குச் சொந்தமாகிவிட்டதா, இல்லை அவர் வருமானமாக வந்தபின் கடமைக்காகச் செலவாகிறதா? முதல் வகையென்றால் கழிக்கலாம். அவருடையது இரண்டாம் வகை என்று முடிவானது. 1933-ல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் முடித்த, துதூரியா என்ற ராஜாவின் வழக்கில் இதற்கு எதிரான நிலை இருந்தது. அங்கே சிற்றன்னைக்கான பராமரிப்புத் தொகையை நீதிமன்றம் சொத்தின் மீதே பாரமாகக் கட்டிவைத்திருந்ததால் அந்தப் பணம் ராஜாவின் வருமானத்தில் சேரவில்லை. சம்பளக்காரர் எவருக்கும் அந்த நிலை பொருந்துவது அபூர்வம். நீதிமன்ற உத்தரவின் பேரில் நிறுவனமே சம்பளத்தில் பிடித்து உங்களுக்கு அனுப்பினாலும் அவருக்கு வரி முழுச் சம்பளத்தின் மேல்தான். ஆகவே அவர் வரி கட்டிய பணத்தைத்தான் தருகிறார் என்பது உண்மை.

அதனால் உங்களுக்கு வரி இல்லை என்று ஆகிவிடாது. பிரதாப்கர் இளவரசி மகேஸ்வரி தேவி வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 1980-களில் சொன்ன தீர்ப்பைத்தான் இன்றுவரை எல்லாரும் பின்பற்றுகிறோம். தீர்ப்பின்படி மாதாமாதம் ஒழுங்காக வரும் ஜீவனாம்சம் வருமானம், அதற்கு வரி உண்டு. அதே தீர்ப்பின்படி ஒரே தடவையில் மொத்தமாக வரும் தொகை மூலதன வரவு, அதற்கு வரி இல்லை. ஒரே திருமணம், ஒரே தீர்ப்பு, கொடுப்பவரும் வாங்குபவரும் அவர்களேதான். பணம் வரும் விதம் மாறியதும் வரியும் மாறிவிட்டது.

எனக்கு இதில் உடன்பாடு கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 2018 முடியும்வரை போடப்பட்ட உத்தரவுகளில் கொடுப்பவருக்குக் கழிவு, வாங்குபவருக்கு வரி. 2019 முதல் வந்த உத்தரவுகளில் கழிவும் இல்லை, வரியும் இல்லை. கனடாவில் துணைக்குத் தரும் மாதத் தொகைக்கு முதல் வழி, பிள்ளைக்குத் தரும் தொகைக்கு இரண்டாம் வழி. எப்படிப் பார்த்தாலும் ஒரு கைதான் வரி கட்டுகிறது. நம் ஊரில் அவரும் கட்டி, அந்தப் பணத்துக்கே நீங்களும் கட்ட வேண்டியிருக்கிறது. நாடாளுமன்றம் மாற்றினால்தான் உண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்திலும் இதற்குத் தனியாக வழி செய்யவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். புதிய வரி முறையில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சம்பளம் 9,50,000. நிலையான கழிவு 75,000 போக 8,75,000. 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்குத் தள்ளுபடி இருப்பதால் உங்கள் அலுவலகம் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். இதோடு உங்களுக்கென்று வந்த 4,80,000 ஜீவனாம்சத்தை ‘பிற வகை வருமானம்’ என்ற தலைப்பில் சேர்த்தால் மொத்தம் 13,55,000. 12 லட்சத்தைத் தாண்டியதும் தள்ளுபடி முழுக்கப் போய்விடும். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 20,000, அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 40,000, மீதி 1,55,000-க்கு 15 சதவீதம் வீதம் 23,250. ஆக 83,250. அதன் மேல் 4 சதவீத செஸ் 3,330. கட்ட வேண்டியது 86,580 ரூபாய்.

சம்பளம் மட்டும் இருந்தால் பூஜ்யம், ஜீவனாம்சம் சேர்ந்ததும் 86,580. அந்தச் சுமை முழுக்க ஜீவனாம்சத்தின் தலையில்தான் விழுகிறது. உத்தரவில் 40,000 என்று எழுதியிருந்தாலும் வரி போக உங்கள் கையில் நிற்பது மாதம் 32,785 ரூபாய். இடைக்கால மனுவில் இந்தக் கணக்கைக் காட்டி யாரும் வாதாடுவதில்லை என்பது எனக்கு எப்போதும் ஒரு குறை. தேவை 40,000 என்றால் வரிக்கும் சேர்த்துக் கேட்பதில் என்ன தப்பு?

“இன்னும் நாங்கள் சட்டப்படி கணவன் மனைவிதானே, கணவன் தருவது உறவினர் தரும் பரிசு, அதற்கு வரி இல்லையே” என்று யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். அப்படி வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். பரிசு என்பது மனமுவந்து தருவது. உங்கள் கணவர் நீதிமன்றம் உத்தரவிட்டதால் தருகிறார். இந்த வாதத்தை நம்பி ரிட்டர்னில் விடச் சொல்லமாட்டேன்.

விட்டால் யாருக்குத் தெரியும் என்ற எண்ணமும் வரும். அவர் பணம் தரும்போதே டிடிஎஸ் என்று வரி எதுவும் பிடிக்காததால், உங்கள் வரவுகளை வரித் துறை தொகுத்து வைக்கும் ஏஐஎஸ் அறிக்கையில் அந்தத் தொகை ஜீவனாம்சம் என்று வந்து நிற்காது, உண்மைதான். ஆனால் வருமான வரித் துறையைவிட நெருக்கத்தில் ஒருவர் உங்கள் ரிட்டர்னைப் பார்ப்பார், எதிர்த்தரப்பு வக்கீல். ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து பராமரிப்பு வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ரிட்டர்ன் நகலும் அதோடு போகும். நீதிமன்றத்தில் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொண்ட தொகை ரிட்டர்னில் இல்லையென்றால் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு தாளே போதும், உங்கள் மற்ற பேச்சையும் சந்தேகிக்க வைத்துவிடுவார்.

2025-26க்கு இன்னும் வரி கட்டாததால் வட்டியும் சேரும். ஆண்டு வரி 10,000 ரூபாயைத் தொட்டாலே ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ம் தேதிக்குள் தவணையாக முன்வரி கட்டியிருக்க வேண்டும். கட்டாததற்கு 234சி பிரிவிலும் 234பி பிரிவிலும் மாதம் 1 சதவீத வட்டி. ஜூன் மாதத்துக்குள் கட்டினால் இரண்டும் சேர்ந்து ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். தள்ளிப்போடப் போட ஏறும். வட்டியோடு கட்டி, அந்தச் சலான் எண்ணைப் போட்டு, ஜூலை 31-க்குள் ரிட்டர்னைத் தாக்கல் செய்யுங்கள். வேறு சிக்கலான வருமானம் இல்லையென்றால் ஐடிஆர்-1 படிவமே போதும். அந்த ஆண்டுக் கணக்கு பழைய 1961 சட்டப்படிதான்.

நடப்பு ஆண்டில் இந்த வட்டியைத் தவிர்க்க எளிய வழி உண்டு. உங்களுக்குப் பிற வருமானம் இவ்வளவு இருக்கிறது, அதையும் சேர்த்து வரி பிடியுங்கள் என்று அலுவலகக் கணக்குப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தால் மாதாமாதம் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். ‘பிற வருமானம்’ என்று எழுதினால் போதும். அது ஜீவனாம்சம் என்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்கு இல்லாத ஒரு சிக்கலையும் மற்ற வாசகிகளுக்காகச் சொல்லி வைக்கிறேன். ஜீவனாம்சம் மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்று அதே 2020 தீர்ப்பு சொல்கிறது. உத்தரவு வர ஒன்றரை ஆண்டு ஆனால் பாக்கி முழுக்க ஒரே ஆண்டில் வந்து விழும். மாதம் 40,000 என்றால் 7,20,000. சம்பள பாக்கிக்கு ஆண்டுவாரியாகப் பிரித்து நிவாரணம் கேட்கலாம். ஜீவனாம்ச பாக்கிக்கு அந்த நிவாரணம் கிடையாது. பாக்கியை மாதத் தொகையாக வசூலிப்பதைவிட, பேசி ஒரே தொகையாக முடித்துக்கொள்வது வரிக்கு நல்லது. கணவர் ஆண்டுக்கணக்கில் மாதத் தொகை தராமல் இழுத்தடித்து, கடைசியில் அதற்குப் பதிலாக மொத்தத் தொகை கொடுத்த ஒரு வழக்கில், அது மூலதன வரவுதான் என்று டெல்லி வருமான வரித் தீர்ப்பாயம் 2013-ல் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

மகளுக்கு வரும் 15,000-க்கு வருகிறேன். உங்கள் உத்தரவில் இரண்டு தொகையும் தனித்தனியாக எழுதப்பட்டிருப்பது உங்கள் அதிர்ஷ்டம். பல உத்தரவுகளில் ‘மனைவிக்கும் குழந்தைக்கும் சேர்த்து 55,000’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அப்படி இருந்து முழுவதையும் உங்கள் வருமானமாகக் காட்டினால் வரி 1,14,660 ஆகியிருக்கும். தனியாக இருப்பதால் இது மகளின் பணம், நீங்கள் காப்பாளராக வாங்கி அவளுக்குச் செலவு செய்கிறீர்கள் என்று சொல்ல முடியும். தகப்பன் தன் பிள்ளையை வளர்க்கத் தரும் பணத்தைத் தாயின் வருமானமாகக் காட்டத் தேவையில்லை என்பது என் கருத்து. மைனரின் வருமானத்தைப் பெற்றோர் வருமானத்தோடு சேர்க்கும் விதி ஒன்று இருக்கிறது. பெற்றோருக்கு விவாகரத்து ஆகிவிட்டால் பிள்ளையை வளர்ப்பவர் கணக்கில்தான் சேரும். அதைக் காட்டி ஒரு அதிகாரி வாதிட இடமுண்டு. அதற்குக் கைவசம் பதில் இருக்கட்டும். மகள் பெயரில் தனிக் கணக்குத் தொடங்கி இந்த 15,000-ஐ அதில் வாங்குங்கள். பள்ளிக் கட்டணம், வேன், மருத்துவம் எல்லாம் அங்கிருந்தே போகட்டும்.

இதைவிடச் சுத்தமான வழியை இறுதி உத்தரவிலேயே எழுதிக்கொள்ளலாம். பள்ளிக் கட்டணத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் தகப்பனே நேரடியாகக் கட்டட்டும். அது அவர் செலவு, உங்கள் ரிட்டர்னுக்குள் வரவே வராது. மகளுக்குப் பத்து வயது ஆகாததால் செல்வமகள் சேமிப்புக் கணக்கும் தொடங்கலாம். ஆண்டுக்கு 1,50,000 வரை போடலாம், வட்டிக்கு வரி இல்லை. அவர் தர வேண்டியதில் ஒரு பங்கை அந்தக் கணக்கிலேயே செலுத்தும்படி எழுதலாம். அவள் பெயரில் வங்கியில் வைப்புத்தொகை போட்டால் அதன் வட்டி உங்கள் வருமானத்தோடு சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

அப்புறம், பெரிய கேள்வி. 45,000-ஆ, 50 லட்சமா?

வரியை மட்டும் வைத்துப் பார்த்தால் போட்டியே இல்லை. மாதம் 45,000 என்றால் ஆண்டுக்கு 5,40,000. சம்பளத்தோடு சேர்ந்து 14,15,000, வரி 95,940. கையில் நிற்பது மாதம் 37,005. சம்பளம் ஏற ஏற இதுவும் இன்னும் தேயும். ஒரே தொகையான 50 லட்சத்துக்கு வரி கிடையாது. அதை அப்படியே 7 சதவீத வட்டியில் வைப்புத்தொகையாகப் போட்டால் ஆண்டுக்கு 3,50,000 வட்டி. அந்த வட்டிக்கு வரி உண்டு. மொத்த வருமானம் 12,25,000 ஆகிறது. 12 லட்சத்தைச் சற்றே தாண்டுபவர்களுக்கு, தாண்டிய தொகையைவிட வரி அதிகமாகக் கூடாது என்று ஒரு சலுகை இருப்பதால் வரி 25,000, செஸ்ஸோடு 26,000. மீதி 3,24,000 கையில், மாதம் 27,000. மாதத் தொகையைவிடப் பத்தாயிரம் குறைவுதான். ஆனால் 50 லட்சம் குறையாமல் அப்படியே உங்கள் பெயரில் இருக்கும்.

வரியைத் தாண்டியும் யோசிக்க வேண்டியது உண்டு. மாதத் தொகையைச் சூழ்நிலை மாறினால் கூட்டவோ குறைக்கவோ கேட்டு இரு தரப்பும் மறுபடி நீதிமன்றம் போகலாம். மறுமணம் செய்தால் நின்றுவிடும். அவருக்கு வேலை போனால், வெளிநாடு போனால், வசூலிக்க நீங்கள் மனு மேல் மனு போட வேண்டியிருக்கும். விலைவாசி ஏறும்போது உயர்த்திக் கேட்க வழி இருப்பது அதன் ஒரே வசதி. உங்களுக்கு நிரந்தர வேலை இருக்கிறது. என்னைக் கேட்டால் மொத்தத் தொகையையே வாங்குங்கள். அவருக்கும் இரண்டிலும் கழிவு இல்லாததால் வரியில் நஷ்டம் எதுவும் இல்லை. பேரம் பேசும்போது இதைச் சொல்லுங்கள்.

மனுவில் எழுதும் வாசகத்தில் கவனம் வேண்டும். ‘மாதம் 45,000 வீதம் பத்து ஆண்டுகளுக்கு 54 லட்சம், அதற்கு ஈடாக 50 லட்சம்’ என்ற மாதிரி எழுத வக்கீல் குமாஸ்தாக்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தொகை எப்படி வந்தது என்று காட்டுவதாக நினைத்து எழுதுவார்கள். மாத வருமானத்தை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்டீர்கள் என்று படிக்க அதுவே இடம் கொடுக்கும். மகேஸ்வரி தேவி வழக்கில் வரித் துறை வைத்த வாதமே அதுதான், நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏற்காத வாதத்துக்கு நீங்களாக ஏன் சாட்சி எழுதிக் கொடுக்க வேண்டும்? ‘கடந்தகால, நிகழ்கால, எதிர்கால ஜீவனாம்சக் கோரிக்கைகள் அனைத்துக்கும் முழுமையான, இறுதியான தீர்வாக மொத்தத் தொகை 50,00,000’ என்று நேராக எழுதச் சொல்லுங்கள். அவருக்கு ஒரே தடவையில் தர முடியாவிட்டால், மொத்தத்தை முதலில் நிலைநிறுத்திவிட்டு இரண்டு அல்லது மூன்று தவணை, தேதியோடு. அறுபது தவணை, நூறு தவணை என்று நீட்டினால் மாத வருமானத்துக்கும் அதற்கும் வித்தியாசம் காட்டுவது கஷ்டம்.

பணத்தை டிடி அல்லது வங்கிப் பரிமாற்றத்தில் மட்டும் வாங்குங்கள். ஒருவரிடமிருந்து ஒரே விஷயத்துக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டம் வழிசெய்கிறது. அபராதம் வாங்கியவருக்குத்தான். ‘பாதி வெள்ளையில், பாதி கையில்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பத்து லட்சத்துக்கு மேல் வைப்புத்தொகை போட்டதும் வங்கி அதை வரித் துறைக்குத் தெரிவிக்கும். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தீர்ப்பின் சான்றிட்ட நகல்தான் பதில். ரிட்டர்னில் வரிவிலக்குள்ள வரவுகள் பகுதியில் அந்தத் தொகையை விளக்கத்தோடு காட்டிவிட்டால் கேள்வியே வராமல் போகவும் வாய்ப்புண்டு.

இனி ஃபிளாட். உங்கள் கடிதத்தில் எனக்குப் பதற்றம் தந்தது ‘விவாகரத்து கிடைத்தபின் எழுதித் தருவார்’ என்ற வரிதான். அந்த ‘பின்’ என்பதை ‘முன்’ என்று மாற்றியே ஆக வேண்டும்.

இன்று அவர் உங்கள் கணவர். வரிச் சட்டத்தின் ‘உறவினர்’ பட்டியலில் முதலில் வருபவர் அவர். இப்போது ஃபிளாட்டைச் செட்டில்மென்ட் பத்திரமாக எழுதித் தந்தால் உங்களுக்கு வருமான வரி இல்லை. தீர்ப்பு வந்த மறுநாள் அவர் வரிச் சட்டத்தின் பார்வையில் மூன்றாம் மனிதர். மூன்றாம் மனிதர் விலையில்லாமல் தரும் வீட்டின் வழிகாட்டி மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் அந்த மதிப்பு முழுக்க வாங்குபவரின் வருமானம். வழிகாட்டி மதிப்பு 48 லட்சம் என்று வைத்தால், உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து வரி 14 லட்சத்துக்கு மேல் போகும். ‘ஜீவனாம்ச உரிமையை விட்டுக்கொடுத்துத்தானே வீட்டை வாங்கினேன், இலவசம் இல்லையே’ என்று வாதாடலாம், நல்ல வாதம்தான். அதை மேல்முறையீட்டில் நிரூபிக்க அலைவதற்குப் பதில் தீர்ப்புக்கு முன்னாலேயே பத்திரம் போட்டுவிடலாம்.

முத்திரைத் தீர்வையிலும் இதே கதை. தமிழ்நாட்டில் கணவன் மனைவிக்கிடையே செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. குடும்ப உறவு இல்லாதவர்களுக்கு இந்த உச்சவரம்புச் சலுகை கிடையாது. கிரயமாக எழுதினால் இரண்டும் சேர்ந்து 9 சதவீதம். 48 லட்சத்துக்கு 4,32,000 எங்கே, 50,000 எங்கே!

மனைவிக்கு எழுதிவைத்த வீட்டின் வாடகையைக் கணவன் கணக்கில் சேர்க்கும் விதி ஒன்று உண்டு. பிரிந்து வாழும் உடன்படிக்கையை ஒட்டி எழுதினால் அந்த விதி பொருந்தாது என்று சட்டமே சொல்லியிருக்கிறது. அதனால் செட்டில்மென்ட் பத்திரத்தின் முகப்பில் ‘இருவரும் பிரிந்து வாழ உடன்பட்டதை ஒட்டி’ என்ற சொற்கள் இருக்கட்டும். அவர் சம்மதிக்க அது ஒரு காரணம்.

அவர் தயங்கினால் அதிலும் நியாயம் இருக்கிறது. வீட்டை வாங்கிக்கொண்டு இரண்டாவது முறை நீதிமன்றத்தில் நீங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால்? கூட்டு மனுத் தாக்கலுக்கும் இறுதி விசாரணைக்கும் இடையில் பொதுவாக ஆறு மாதம் இருக்கிறது. தொகையில் பாதியை மனுத் தாக்கலன்று தந்து, இறுதி விசாரணைக்கு முந்தைய வாரத்தில் பத்திரப் பதிவு, மீதிப் பாதிக்கான டிடி நீதிபதி முன்னிலையில் என்று வரிசைப்படுத்தினால் இரண்டு பக்கமும் பயம் குறையும். வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் அதை அடைப்பது யார் என்று எழுதி, வங்கியின் ஒப்புதலையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

பத்திரப் பதிவன்று அவரிடமிருந்து இன்னொன்றும் வாங்க வேண்டும். அவர் ஃபிளாட் வாங்கியபோது போட்ட கிரயப் பத்திரம், கட்டுநருக்குப் பணம் கட்டிய ரசீதுகள், உள்ளலங்காரச் செலவு பில்கள். நாளைக்கு அந்த வீட்டை நீங்கள் விற்றால் மூலதன ஆதாயம் கணக்கிட அவர் வாங்கிய விலைதான் உங்கள் விலை, அவர் வாங்கிய தேதிதான் உங்கள் தேதி. பத்து ஆண்டு கழித்து ஃபோன் போட்டு ரசீது கேட்கும் உறவு அப்போது இருக்குமா என்று தெரியாது.

நகை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த 32 பவுனும் எப்போதுமே உங்களுடைய சீதனம். உங்கள் பொருள் உங்களுக்குத் திரும்பி வருவதற்கு வரி கிடையாது. மனுவில் ‘ஜீவனாம்சத்தின் ஒரு பகுதியாக நகை’ என்று எழுதவிடாமல், ‘மனைவியின் சீதன நகைகள் எடையோடு திருப்பி ஒப்படைக்கப்பட்டன’ என்று தனிப் பத்தியாகப் பட்டியலிடச் சொல்லுங்கள். கல்யாணத்தின்போது வாங்கிய நகைக்கடை பில் அம்மா வீட்டுப் பீரோவில் இருந்தால் எடுத்து வையுங்கள், பின்னால் விற்கும்போது அதிலிருக்கும் விலையைத்தான் கழிக்க வேண்டும்.

வரைவு மனு கையில் வந்ததும் கையெழுத்துக்கு முன் உங்கள் வக்கீலையும் உள்ளூர் ஆடிட்டரையும் ஒரு தடவை ஒன்றாக உட்கார வையுங்கள். பெரும்பாலான வக்கீல்கள் வருமான வரி பார்ப்பதில்லை, பெரும்பாலான ஆடிட்டர்கள் குடும்ப நல நீதிமன்றத்தின் பக்கம் போவதில்லை. அதற்கு முன் இந்த மாதமே 2025-26 வரியை வட்டியோடு கட்டிவிடுங்கள்.